இரண்டு கிலோமீற்றர் என்று எழுதிய விடியற்காலை

போன வருடம் பனிக்காலத்தில் ஒரு நாள், விடிய ஐந்து மணிக்கு நான் பார்த்த வெளிச்சம் அறுபது வாற்ஸ் பல்ப்பின் வெளிச்சமா, பெற்றோமக்ஸின் வெளிச்சமா?

இதற்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளுக்கும் ஞாபகம் இல்லை.

பெண்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதவேண்டும், வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் கேட்டபோது, எனக்கு ஐந்து வருட அனுபவம்தான் இருக்கிறது, மூத்தவர்களைக் கேளுங்கள் என்று பதில் போட்டேன். பதிலைத் தபாலில் போட்ட பிறகு, எழுதியிருக்கலாமோ என்று யோசித்தேன். நான் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவள். ஆகவே இதை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

வேலை

எங்களுடையது வடகரைக்குக் கிட்ட உள்ள சிறிய வானிலை அவதானிப்பு நிலையம். மழைமானி, வெப்பமானிப் பெட்டி, காற்றுக் கருவி எல்லாம் உண்டு. அவற்றை வாசிக்க யாரும் பழகலாம். ஆனால் எவ்வளவு தூரம் கண் தெரிகிறது என்பதைச் சொல்ல எங்களிடம் கருவி கிடையாது. அதற்கு ஆளின் கண்தான் கருவி.

பகலில் கோயில் கோபுரம், தண்ணீர்த் தாங்கி என்று தூரம் தெரிந்த பொருட்களைப் பார்ப்போம். இருட்டில் வெளிச்சங்களைப் பார்ப்போம். மேல்தளத்துக்கு ஏறும் படியடிச் சுவரில் ரைப் அடித்த பட்டியல் ஒட்டியிருக்கிறது. சந்திக் கடை விளக்கு, எண்ணூறு மீற்றர். மீன்பிடித் துறைக் கம்பத்து விளக்கு, இரண்டு கிலோமீற்றர். தொழிற்சாலைப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு, ஐந்து கிலோமீற்றர். இவற்றில் ஆகத் தூரத்தில் தெரிவது எதுவோ அதுவே அன்றைய பார்வைத் தூரம். அதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதி, விமான இறங்குதளத்துக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். ஒன்றரைக் கிலோமீற்றருக்குக் குறைந்தால் சிறிய விமானங்களை இறங்க விடமாட்டார்கள். அதாவது துறைக் கம்பம் தெரிந்தால் இறங்கலாம், தெரியாவிட்டால் திரும்பவேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. வெளிச்சத்தைப் பார்க்குமுன் பத்து நிமிடம் இருட்டில் நிற்கவேண்டும். கண் இருட்டுக்குப் பழகவேண்டும்.

எங்கள் பொறுப்பதிகாரி அருளம்பலம் சேர். முதல் நாள் என்னைப் பார்த்து, "பிள்ளை, இந்த வேலைக்கு ரண்டு கண்ணும் பொய் சொல்லாத வாயும் இருந்தால் காணும்" என்றார்.

"நான் கண்ணாடி போட்டிருக்கிறன் சேர்" என்றேன். அதை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்து வியர்த்துவிட்டது.

"அப்ப ரண்டு கண், ஒரு வாய், ஒரு கண்ணாடி. ஏறும் மேலை."

நான் புத்தூரில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து உடுவிலில் படித்தவள். துறைக் கம்பத்து வெளிச்சத்தை நாலு வருடமாக விடியற்காலையில் பார்த்து எழுதியவள். ஆனால் அந்தத் துறைக்கு ஒரு நாளும் போனதில்லை. எங்கள் ஆட்கள் மீன் வாங்கச் சந்தைக்குப் போவார்கள், துறைக்குப் போகமாட்டார்கள். ஏன் என்று நானும் கேட்டதில்லை. நிலையத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்.

கப்டன்

கொழும்பிலிருந்து பத்திரிகைக் கட்டுகளும் மருந்துப் பெட்டிகளும் கொண்டு ஒரு சிறிய விமானம் கிழமைக்கு மூன்று தரம் விடிய வரும். ஓட்டியவரை எல்லோரும் கப்டன் என்றே கூப்பிட்டார்கள். இறங்கியதும் கட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே எங்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பார்.

"தங்கச்சி, நீங்கள் சொன்ன பனியிலை பாதியைக் காணேல்லை. ஆர் எடுத்தது?"

"நீங்கள் மேலாலை வரேக்கை கலைச்சுப்போட்டியள் கப்டன்."

இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. முதலில் வெறுமனே "ஓம் சேர், சொறி சேர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவரை நேரில் கண்டது இரண்டே தரம். இரண்டாவது தரம் என் மகள் பிறந்திருந்தாள். ஒரு கடதாசிப் பையை நீட்டினார். உள்ளே சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு சோடி. யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கம்பளிக் காலுறை.

"பனி அளக்கிறவவின்ரை பிள்ளை எல்லோ. காலிலை குளிர் ஏறப்படாது" என்றார்.

நாங்கள் நிலையத்துக்குப் பின்னால் உள்ள குவாட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் ஆசிரியர். விடியற்காலை முறையை நானாகவே கேட்டு வாங்கியிருந்தேன், பகலில் பிள்ளையோடு இருக்கலாம் என்று.

அந்த விடியல்

மகளுக்கு அப்போது நாலு மாதம். தடிமன், மூக்கு ஒழுகியது. நாலரைக்கு எழும்பி அழுதாள். விளக்கைப் போட்டு, பால் கொடுத்து, மூக்கைத் துடைத்து, மணிக்கூட்டைப் பார்த்தால் ஐந்துக்கு மூன்று நிமிடம். பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மேல்தளத்தில் பனிப்புகார் மூட்டமாகக் கட்டியிருந்தது. கைப்பிடிச் சுவர் நனைந்திருந்தது. கீழே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிடம் நிற்கவில்லை. இரண்டு நிமிடம் நின்றிருப்பேன்.

சந்திக் கடை விளக்கு தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு வளையம். புகைபோக்கி தெரியவில்லை. துறைப்பக்கம் திரும்பினேன். கம்பத்து வெளிச்சம் தெரிந்தது. சிறியதாக, ஆனால் நல்ல தெளிவாகத் தெரிந்தது.

மற்றப் பனி நாட்களில் பத்து நிமிடம் நின்று, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் அதைக் கண்டுபிடிப்பேன். அன்று விளக்கு வெளிச்சத்தில் இருந்து நேரே வந்து, இரண்டே நிமிடத்தில் கண்டேன். அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று, சுணங்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

இரண்டு கிலோமீற்றர் என்று எழுதினேன். தொலைபேசியில் சொன்னேன்.

"ரண்டோ?" என்றார் இறங்குதளத்தில் இருந்தவர். "இங்கை முற்றமே தெரியேல்லை."

"கம்பம் தெரியுது அண்ணை."

"தெரிஞ்சால் சரி. எழுதுறன்."

வீட்டுக்குத் திரும்பியிருந்தபோது, ஐந்தேகால் தாண்டி விமானச் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடத் தாழப் பறந்து வந்தது. வீட்டுக்கு மேலால் போய்க் கடல்பக்கம் திரும்பியது. விமானம் போனால் சத்தம் மெல்ல மெல்லக் குறையும். அன்று குறையவில்லை. நின்றது.

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். பிள்ளையின் காலில் அந்தச் சிவப்புக் காலுறை இருந்தது. துறைப்பக்கம் ஒன்றல்ல, ஏழெட்டு வெளிச்சங்கள் அசைந்துகொண்டிருந்தன. எது கம்பத்து வெளிச்சம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஆறரைக்கு அருளம்பலம் சேர் உடுத்திருந்த சாரத்தோடேயே சைக்கிளில் வந்தார். துறைக்குப் போய்விட்டு வருகிறார் என்று அவருடைய நனைந்த காலைப் பார்த்ததும் தெரிந்தது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வள்ளங்கள்தான் விமானத்தைக் கண்டுபிடித்தன. அதில் கப்டன் ஒருவர்தான் இருந்தார். கரைக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை.

சேர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து நான் எழுதியதைப் பார்த்தார். பக்கத்தில் தன்னுடைய கையெழுத்தையும் போட்டார். அவர் அப்படிப் போடவேண்டிய விதி எதுவும் இல்லை.

"நீர் போய்ப் பிள்ளையைப் பாரும்" என்றார். "ஆறு மணி அவதானத்தை நான் எழுதுறன்."

ஆறு மணி எப்போதோ போய்விட்டிருந்தது.

விசாரணை

கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகக் கதைத்தார்கள். கம்பம் தெரிந்ததா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். எழுதினேனா, சொன்னேனா, எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். எத்தனை நிமிடம் இருட்டில் நின்றேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்காமல் விட்டபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால், சொல்லியிருப்பேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

பதிவு ஒழுங்காக இருக்கிறது, விபத்துக்கு இயந்திரம் காரணமா பனி காரணமா என்று சொல்ல முடியாது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

"நீர் ஒரு இலக்கம் சொன்னீர். இறங்க நினைச்சது அவர்" என்றார் என் கணவர். ஆறுதலுக்காகச் சொன்னார். ஆனால் அந்த இலக்கத்தை நம்பித்தானே இறங்க நினைத்தார்.

துறைக்குப் போனது

ஒரு மாதம் கழித்துத் துறையில் உள்ளவர்கள் தங்கள் மாதா கோயிலில் கப்டனுக்காகப் பூசை வைத்தார்கள். அவர் எந்தச் சமயம் என்று அவர்களுக்குத் தெரியாது. தங்கள் கரையில் கிடத்திய ஆள் என்று வைத்தார்கள். நிலையத்தாருக்கும் சொல்லி அனுப்பினார்கள். சேரோடு நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் தடவை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது உயரமான ஒரு பெண் என் கையிலிருந்த பிள்ளையைக் கேட்காமலே வாங்கினார். நாற்பது வயது இருக்கும். பெயர் றீற்றம்மா. கப்டனைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர்களில் அவருடைய கணவரும் ஒருவர்.

"நீங்கள்தானோ எங்கடை லைற்றைப் பாத்து அரசாங்கத்துக்குச் சொல்லுற தங்கச்சி?"

"ஓம் அக்கா."

"அப்ப எங்களுக்கும் ஒரு சம்பளம் போடச் சொல்லுங்கோவன். ஏத்துறது நாங்கள், காசு உங்களுக்கோ?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துறை முகப்பில் நின்ற கம்பத்தைக் காட்டினார்கள். கரை வளைவில் தகர மூடிக்குக் கீழே ஒரு பல்ப். நாலு வருடம் பார்த்த பொருளை அப்போதுதான் கண்டேன். பல்ப்புக்குக் கீழே இரண்டு இரும்புக் கொழுக்கிகள் இருந்தன.

"உது என்னத்துக்கு அக்கா?"

"பெற்றோமக்ஸ் கொழுவ. பனியில்லாத நாளிலை பல்ப் காணும். புகார் கட்டினால் உந்தப் பல்ப் ஆருக்குத் தெரியப்போகுது? ரண்டு பெற்றோமக்ஸைப் பம்ப் பண்ணி ஏத்திவிடுவம். எங்கடை ஆக்கள் கரை பிடிக்க வேணுமே."

"எப்பவுமோ?"

"முந்தி இல்லை. போன மாரியிலை ஒரு வள்ளம் வழி தவறி அடுத்த துறைக்குப் போட்டுது. அதுக்குப் பிறகுதான்."

பனி கூடக் கூட இவர்கள் வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பனி குறைவு என்று எழுதுகிறேன். இது விளங்கியபோது அந்தக் கொழுக்கிகளைத் திரும்ப எண்ணினேன்.

"அண்டைக்கு எத்தினை மணிக்கு ஏத்தினனீங்கள்?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன்.

றீற்றம்மா பிள்ளையின் காலுறையை இழுத்து நேராக்கிக்கொண்டே யோசித்தார்.

"அண்டைக்கோ? தேத்தண்ணி வைச்சிட்டு வந்து ஏத்தினனோ, பிளேன் விழுந்த சத்தத்துக்கு ஓடிப்போய் ஏத்தினனோ. நெஞ்சு பதறின நேரம், ஆருக்கு ஞாபகம்? ஏத்தினது நான்தான், அது தெரியும். அந்த வெளிச்சத்தைப் பிடிச்சுத்தான் இவையள் அந்த மனிசனைக் கரைக்குக் கொண்டந்தவை." பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "வேறை ஒண்டும் செய்யேலாமல் போச்சு, தங்கச்சி. வெளிச்சமாவது காட்டினன் எண்டு ஒரு ஆறுதல்" என்றார்.

தேத்தண்ணி வைத்துவிட்டு ஐந்துக்கு முன்னமே ஏற்றியிருந்தால், நான் பார்த்தது பெற்றோமக்ஸ். விமானம் விழுந்த பிறகு ஏற்றியிருந்தால், நான் பார்த்தது பல்ப், என் இலக்கம் சரி. அவரிடம் இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஏன் கேட்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

அதன் பிறகு

அதன் பிறகு றீற்றம்மா எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். சந்தைக்குப் போகிற வழியில் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவார். பிள்ளைக்கு மீன் மணம் பிடித்துப்போயிற்று, அவர் போனால் அழுகிறாள். எனக்கு மீன் வெட்டத் தெரியாது என்று கண்டு, "கொலிச்சிலை உதைப் படிப்பிக்கேல்லையோ?" என்று சிரித்து, எங்கள் கிணற்றடியிலேயே இருந்து திரளி வெட்டித் தருவார். ஆடி மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, ஊரடங்கு போட்டு, கணவர் புத்தூரில் அகப்பட்டுக்கொண்ட இரண்டு நாளும் அவர்தான் எங்களோடு இருந்தார். அந்த இரண்டு நாளில் ஐம்பது தரமாவது சொல்ல வாய் எடுத்திருப்பேன். ஒவ்வொரு தரமும், "வெளிச்சமாவது காட்டினன்" என்று அவர் சொன்னது நினைவுக்கு வரும்.

வேலையில் செய்யவேண்டியதைச் செய்தேன். பட்டியலில் உள்ள வெளிச்சம் எல்லாவற்றிற்கும் கிட்டப் போய்ப் பார்த்தேன். மழை தூறினால் சந்திக் கடைக்காரர் விளக்கை உள்ளே எடுத்துவிடுவார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எடுக்காமல் இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பட்டியலை நம்பி மேலே ஏறாதீர்கள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கிட்டப் போங்கள். அதை யார் ஏற்றுகிறார்கள், எதற்காக ஏற்றுகிறார்கள், எந்த நாளில் கூட்டுவார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஆட்கள் போகாத இடமென்றால் முதலில் அங்கே போங்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம் நில்லுங்கள், கீழே பிள்ளை அழுதாலும்.

இந்தப் பனிக்காலம் தொடங்கியதிலிருந்து நான் துறைக் கம்பத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. புகார் என்றால் எண்ணூறு மீற்றர் என்றே எழுதுகிறேன்.

"எங்கடை நிலையத்தாலை இனி ஒரு பிளேனும் இறங்காது போல கிடக்கு" என்றார் சேர்.

அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நிமிடத்தையும் சொன்னேன். அவர் மழைமானியைத் துடைத்து வைத்தார். பிறகு, கம்பத்தைப் பட்டியலில் இருந்து எடுக்கும்படி கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு எழுதச் சொன்னார். எடுக்காவிட்டால், எனக்குப் பிறகு வருகிற ஆளும் அதைப் பார்த்துத்தான் எழுதுவார். எழுதினேன். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து கடிதங்கள் வருவது குறைந்திருந்தது. இதற்கு மட்டும் பதில் வந்தது, ஒரு படிவத்தோடு. எடுக்கவேண்டிய வெளிச்சம், தூரம், காரணம் என்று மூன்று இடங்கள். முதல் இரண்டையும் நிரப்பிவிட்டேன்.

"கம்பம் உளுத்துப்போச்சு எண்டு எழுதிவிடும்" என்றார் சேர்.

"பொய் எழுதலாமோ சேர்? முதல் நாள் நீங்கள்தானே..."

"நான் வாயைப் பற்றித்தான் சொன்னனான். கையைப் பற்றிச் சொல்லேல்லை."

அவர் பகிடியாகச் சொன்னாலும் அவருக்கும் பயம் இருக்கிறது. உண்மையை எழுதினால் விசாரணையைத் திரும்பத் திறப்பார்கள். என் வேலை போனால் போகட்டும் என்று சில நாள் துணிவு வருகிறது, பிள்ளையைப் பார்த்தால் போய்விடுகிறது. அதைவிட, றீற்றம்மாவின் வாசலுக்கு ஆட்கள் போவார்கள். இந்த நாட்களில் கடற்கரையில் யார், எதற்காக வெளிச்சம் காட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போகிறவர்கள் வெறும் கந்தோர் ஆட்களாக இருக்கமாட்டார்கள். பெற்றோமக்ஸை ஏற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டால் வள்ளங்கள் எதைப் பார்த்து வரும்? பொய்யை எழுதினால் அந்த விடியற்காலை புத்தகத்தில் ஒழுங்காகவே இருந்துவிடும். கப்டனுக்கு யாரும் உண்மை சொல்லாமலே போய்விடும்.

றீற்றம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். சஞ்சிகைகள் அவர் கைக்குப் போவது மீன் சுற்றத்தான். இது அப்படியாவது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. போனால் நல்லதோ என்றும் இருக்கிறது.

இன்று விடியவும் புகார். பத்து நிமிடம் நின்றேன். துறைப்பக்கம் பெற்றோமக்ஸ் இரண்டும் ஏறின. நேரத்தைக் குறித்துவைத்தேன், நாலு ஐம்பது. றீற்றம்மா தினமும் இந்த நேரத்துக்கு ஏற்றுகிறவர் என்றால் அன்றும் ஏற்றியிருப்பார். நேற்று ஐந்து இருபதுக்குத்தான் ஏற்றினார்.

படிவத்தை இம்மாதக் கடைசிக்குள் அனுப்பவேண்டும். வாசகர்களில் கந்தோர் வேலை தெரிந்தவர்கள் இருப்பீர்கள், பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், கடலுக்குப் போகிற வீடுகளில் இருப்பவர்களும் இருப்பீர்கள். நீங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள்? எழுதுமுன் றீற்றம்மாவிடம் சொல்வீர்களா? சஞ்சிகையின் முகவரிக்கு ஒரு தபாலட்டை போடுங்கள். காரணம் எழுத இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். அதற்குள் அடங்குகிறதாகச் சொல்லுங்கள்.